சுண்ணாம்பு ஏடும் நீர்த்திவலையும்

யூபிலி விழாவை முன்னிட்டு எமது கல்லூரியின் வடக்கு மதிலுக்கு வெள்ளையடித்தார்கள். மாலையில் வேலை முடிந்ததும், எஞ்சிய சுண்ணாம்புக் கரைசலை வாளியோடு மதிலோரத்தில் விட்டுச் சென்றனர். மறுநாட் காலையிற் பார்த்தபோது சுண்ணாம்பு அடியில் உறைந்து, நீர் தெளிந்து, அத் தெளிந்த நீரின்மேல் மெல்லிய வெள்ளை ஏடொன்று படர்ந்து கிடந்தது. ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் ஈர்க்கினால் அதனைக் கீறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "சேர், பாலுக்கு ஏடு படரும். சுண்ணாம்புத் தண்ணிக்கு ஏன் படருது?" என்று கேட்டான்.

ஏடு என்னுஞ் சொல்லின் பொருளைக் கேட்டிருப்பானாயின் நின்ற இடத்திலேயே விடையிறுத்திருப்பேன். பனையோலையும் ஏடு, நூலின் தாளும் ஏடு, பாலின்மேற் படர்வதும் ஏடு. ஆனால் அவன் கேட்டது பொருளையன்று, காரணத்தை. தமிழாசிரியனாகிய யான், "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று கூறித் தப்பினேன். அந்த நாளை வருவதற்கு இரண்டு வாரம் சென்றது. இரசாயனவியல் கற்பிக்கும் நண்பரைக் கேட்டும், அவர் தந்தவற்றைப் படித்தும் அறிந்தவற்றை அம்மாணவனுக்குச் சொன்னேன். அவ்வினா ஒரு வாளியோடு நில்லாமல், இந்நூற்றாண்டின் பெருங்கவலை ஒன்றோடு தொடர்புடையதாய் இருந்தமையால், அதனையே இம்மலருக்கும் எழுதத் துணிந்தேன். விஞ்ஞானம் வல்ல பழைய மாணவர்கள் பிழை கண்டவிடத்துத் திருத்துவார்களாக.

ஏடு படர்ந்த வகை

சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் அது காபனீரொட்சைட்டு என்னும் வாயுவை இழந்து நீறாகின்றது. தமிழ்நாட்டார் இவ்வாயுவைக் கரியமிலவாயு என்பர். தூய சுண்ணக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ நீறு எஞ்சும்; 44 கிலோ வாயுவாய் வானத்திற் கலந்துவிடும். நீற்றுக்கு நீர் ஊற்றினால் அது கொதித்துப் பூத்துக் கல்சியம் ஐதரொட்சைட்டாகின்றது. இதுவே நாம் மதிலுக்குப் பூசுவதும் வெற்றிலைக்குத் தடவுவதுமான சுண்ணாம்பு.

இச்சுண்ணாம்பு தான் இழந்த வாயுவை மறப்பதில்லை. காற்றிற் காபனீரொட்சைட்டைக் கண்டவிடத்துப் பற்றிக்கொண்டு மீண்டும் கல்லாக, அஃதாவது கல்சியம் காபனேற்றாக, மாறிவிடுகின்றது. ஈரமாய்ப் பூசிய வெள்ளை நாளடைவில் இறுகுவது இதனாலேயே. வாளியிலும் இதுவே நிகழ்ந்தது. ஆயினும் நீர் காற்றைச் சந்திக்கும் இடம் அதன் மேல்முகம் ஒன்றே. ஆதலால் கல் அங்கே மாத்திரம் பிறந்து ஏடாய்ப் படர்ந்தது. படர்ந்த ஏடு கதவுபோல் அடைத்துக்கொள்ளவே, கீழுள்ள சுண்ணாம்பு நீருக்கு வாயு எட்டாமற் போயிற்று. வாளி நிறைய உறிஞ்சும் ஆற்றல் இருந்தும் அது வேலை செய்ய வாயில் இல்லை.

இவ்வளவே அம்மாணவனுக்குரிய விடை. இனிக் கூறுவனவெல்லாம் இவ்விடையின் விரிவு என்க.

கடல் விழுங்காதோ?

விடையைக் கேட்டவன் வேறொரு வினாவைத் தொடுத்தான். அவன் தொண்டைமானாற்றைச் சேர்ந்தவன், யானும் அவ்வூரவனே. "எங்கட ஊரிலை இவ்வளவு பெரிய கடல் இருக்கே, சேர். உலகத்துக் கரிவாயுவையெல்லாம் கடல் உறிஞ்சாதோ?"

நல்ல வினா. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதால் காற்றிற் காபனீரொட்சைட்டுப் பெருகிவருகின்றது. யந்திரத் தொழில் ஓங்குவதற்கு முன்னர்ப் பத்துலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த இவ்வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டு தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்காயிருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கின்றது. அதற்கு மேல் விரைந்து ஏற்க அதனால் இயலவில்லை.

காரணம், வாளிக்கும் கடலுக்கும் ஒருவகையில் விதி ஒன்றே. கடலின் ஆழம் பெரிது. காற்றைத் தொடும் முகம் அதன் மேற்பரப்பு மாத்திரமே. அசையாத நீரில் வாயு ஒரு சதமமீற்றர் ஆழத்திற்குத் தானாகப் பரவுவதற்கு அரைநாளுக்கு மேற் செல்லும். ஆழம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். அலையும் காற்றும் கடலைக் கலக்குவதனாலேயே நாலிலொரு பங்காவது உள்ளே செல்கின்றது. ஆழ்கடல் வரை நீர் கலந்து புரள்வதற்கோ நூற்றாண்டுகள் வேண்டும். உறிஞ்சிய வாயுவினாற் கடலின் காரத்தன்மை குறைந்து, சிப்பியும் முருகைக்கல்லும் தம் ஓடுகளைக் கட்ட இடர்ப்படுகின்றன என்பது வேறு கவலை.

வாயு நீரினுள் நுழைந்த பின்னரும் ஒரு தாமதம் உண்டு. நீரோடு இரசாயன முறையிற் கூடுவதற்கு அது பல வினாடிகள் எடுத்துக்கொள்ளும். நம் உடம்பு இத்தாமதத்தைப் பொறுக்கமாட்டாது. ஆதலின் குருதியின் செங்கலங்களிலே காபோனிக் அன்ஐதரேசு என்னும் நொதியம் இருந்து, அவ்வேலையைக் கணத்தில் முடிக்கின்றது. ஆலைகளில் இதே நோக்கத்துக்காகக் காரப்பொருளை நீரிற் கலப்பர். சுண்ணாம்பு அத்தகைய காரங்களுள் ஒன்று. அமைன்கள் என்னும் நைதரசன் சேர்ந்த சேதனப் பொருள்கள் வேறொரு வகை.

ஆகவே காற்றிலுள்ள வாயுவை நீராற் பிடிக்க விரும்புவோர் இரண்டு செய்தல் வேண்டும். நீருக்குக் காரத்தைக் கூட்டுதல் ஒன்று. நீரின் முகத்தைப் பெருக்குதல் மற்றொன்று. முன்னையதை மனிதர் நெடுங்காலமாய் அறிவர். பின்னையதன் முழு ஆற்றலும் நம் காலத்திலேதான் தெரியவருகின்றது.

பரப்புக் கணக்கு

தமிழிலே துளி, தூறல், தூவல், திவலை எனப் பல சொற்கள் உள. திவலை என்பது சிதறுந் துளி. வாடைக்காலத்திலே தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் நின்றவர்க்கு அதன் பொருளை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அலை உடைந்து காற்றில் ஏறும் திவலை மூக்குக்கண்ணாடியில் உப்பாய்ப் படியும். கடற்கரையினின்று தள்ளியிருக்கும் வீட்டின் யன்னற் கம்பியையும் துருவாக்கும். அலையாய் நின்ற நீர் செல்லமாட்டாத இடத்துக்குத் திவலையாய் உடைந்த நீர் செல்கின்றது. மயிரிழையினும் நுண்ணிய துளியை யான் நுண்டிவலை என்று வழங்க விரும்புகின்றேன். மாணவர்க்கு எளிதெனின் நுண்துளி என்றே கொள்க.

ஒரு லீற்றர் நீரை ஒரே உருண்டையாய்த் திரட்டினால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 480 சதுர சதமமீற்றர். விரித்த கொப்பித்தாள் ஒன்றின் அளவு. அதே நீரை ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகளாக்கினால் மேற்பரப்பு 6 சதுர மீற்றராகும். மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு விட்டமுள்ள துளிகளாக்கினால் 600 சதுர மீற்றராகும். ஆயிரத்திலொரு பங்காக்கினால் 6,000 சதுர மீற்றராகும்.

இதனை நம் காணிக் கணக்கிற் சொல்வேன். ஓர் ஏக்கர் 16 பரப்பு. 6,000 சதுர மீற்றர் ஏறத்தாழ 24 பரப்பு. அஃதாவது ஒன்றரை ஏக்கர். ஒரு லீற்றர் நீரை எடுத்துக் கொப்பித்தாள் அளவிலிருந்து ஒன்றரை ஏக்கர்த் தோட்டம் வரை விரிக்கலாம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். நீர் கூடவில்லை, காரம் கூடவில்லை, முகம் மாத்திரமே கூடியது.

பரவும் காலமும் அவ்வாறே சுருங்குகின்றது. ஒரு சதமமீற்றர் ஆழ நீரில் அரைநாளுக்கு மேல் எடுத்த பரவல், மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு விட்டமுள்ள துளியின் நடுவரை சென்று சேர வினாடியின் நூறிலொரு பங்கே எடுக்கும். துளி காற்றில் மிதக்கும் சிறுபொழுதிலேயே உள்ளும் புறமும் வாயுவால் நிறைந்துவிடும். கதவடைக்கும் ஏட்டுக்கு அங்கே இடமில்லை.

திவலையின் தோலில் நிகழ்வன

பரப்புப் பெருகுவதொன்றே பயனாயின், இஃது எளிய கேத்திரகணிதத்தோடு முடிந்துவிடும். ஆனால் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆராய்ச்சியாளர் வேறொன்றையும் கண்டனர். அமெரிக்காவிலே பேடியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகம் குக்ஸ், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றிச்சட் ஸேர் முதலியோர், குடுவையில் மணிக்கணக்காய் நிகழும் தாக்கங்கள் சில நுண்டிவலையிலே கணப்பொழுதில் முடிவதைக் காட்டினர். நூறு மடங்கு முதல் பத்துலட்சம் மடங்கு வரை விரைவு கூடிய தாக்கங்களும் உள.

இதற்குப் பல காரணங் கூறுவர். காற்றில் மிதக்கையில் நீர் ஆவியாகவே உள்ளிருக்கும் பொருள் செறிவடைகின்றது. சில மூலக்கூறுகள் துளியின் தோலை நாடிச் சென்று ஒழுங்காய் நிற்கின்றன. உள்ளே எப்புறமும் நீரால் சூழப்பட்டிருக்கும் மூலக்கூறு, தோலுக்கு வந்ததும் ஒருபுறம் நீரின்றி நிற்றலால் எளிதிற் பிறவற்றோடு கூடுகின்றது. மின்னேற்றம் பெற்ற துளியின் தோலிலே மின்புலமும் வலிதாயுள்ளது. இவற்றுள் எது எத்தாக்கத்திற்கு எவ்வளவு காரணம் என்பதிலே அறிஞரிடையே கருத்தொற்றுமை இன்னும் ஏற்படவில்லை.

இத்துறையிலே நிகழ்ந்த ஒரு வழக்கை மாணவர் அறிதல் நன்று. 2019ஆம் ஆண்டில் ஸேர் குழுவினர், தூய நீரை நுண்டிவலையாக்கிய அளவிலேயே, வேறெப்பொருளும் சேராமல், ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகின்றது என்று அறிவித்தனர். உலகம் வியந்தது. 2022ஆம் ஆண்டிலே சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் ஆராயும் ஹிமான்ஷு மிஸ்ரா குழுவினர், சுற்றியுள்ள காற்றில் ஓசோன் இல்லாதவாறு காத்துச் செய்தபோது அப்பொருள் அளவிடத்தக்கதாய் உண்டாகவில்லை என்றும், முன்னர்க் கண்டது ஓசோனின் வேலை என்றும் வாதித்தனர். அவ்விவாதம் முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. துளியின் பரப்புப் பெரிதாதலால் அது நாம் விரும்பும் வாயுவை மாத்திரமன்றி, விரும்பாததையும் அவ்வாறே பற்றும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது. வியத்தகு செய்தியைக் கேட்டால் உடனே நம்புதலும் கூடாது. உடனே தள்ளுதலும் கூடாது.

சென்னையிற் செய்த சோதனைகள்

இனி, கடலுக்கு அப்பாலுள்ள சென்னைக்குச் செல்வோம். அங்கே இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலே பேராசிரியர் தலப்பில் பிரதீப் தலைமையிற் பணியாற்றும் குழுவினர் நுண்டிவலை ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர்கள். குடிநீரிலிருந்து ஆசனிக்கு நஞ்சை அகற்றும் முறைகளை வகுத்தமையால் முன்னரே அறியப்பட்டவர் இப்பேராசிரியர். 2020ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றவர்.

2024ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட கட்டுரையொன்று நம் பொருளை நேரே தொடுவது. நீரிற் கீற்றோன் என்னும் வகையைச் சார்ந்த சேதனப் பொருளைக் கரைத்து, மறை மின்னேற்றமுள்ள நுண்டிவலையாகத் தூவி, காபனீரொட்சைட்டின் ஊடே செல்லவிட்டனர். துளியின் தோலிலே, ஊக்கி எதுவுமின்றி, அறை வெப்பநிலையிலேயே, காபனீரொட்சைட்டின் காபன் கீற்றோனின் காபனோடு பிணைந்து புதிய அமிலமொன்று உண்டாயிற்று. துளி எவ்வளவு தூரம் பறந்தது, வாயுவின் அமுக்கம் யாது, கரைசலின் செறிவு யாது என்பவற்றுக்கேற்பத் தாக்கத்தின் வேகம் மாறியது.

சுண்ணாம்பு காபனீரொட்சைட்டைப் பற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சுண்ணாம்பிலே காபன் ஒட்சிசனோடு கூடியவாறே கல்லாகின்றது. இங்கே காபன் காபனோடு பிணைகின்றது. பச்சையிலை காபனீரொட்சைட்டிலிருந்து மாப்பொருளும் வெல்லமும் ஆக்குதற்கு முதற்படியாய்ச் செய்வதும் அத்தகைய பிணைப்பே. அதற்கு இலைக்கு நொதியமும் சூரிய ஒளியும் வேண்டும். நீர்த்திவலையொன்று அவற்றின் உதவியின்றி அவ்வகைப் பிணைப்பை உண்டாக்கிற்று என்பதே இதன் சிறப்பு. ஆயினும் இது கருவியொன்றின் முனையிலே அணு அளவிற் செய்த சோதனை. ஆலையளவில் செய்ததன்று.

அதே ஆண்டில் அவர்கள் செய்த வேறொரு சோதனையும் வியப்புக்குரியது. மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கு அளவுள்ள படிகக்கல், மாணிக்கக்கல் ஆகியவற்றின் துகளை நீரிற் கலந்து, மின்னேற்றிய நுண்டிவலையாய்த் தூவினர். வினாடியின் சிறு பின்னப் பொழுதிலே அத்துகள்கள் நூற்றுக்கணக்கான மடங்கு சிறுத்து நனோத் துணிக்கைகளாய் உடைந்தன. மலை மண்ணாவதற்குச் செல்லும் நெடுங்காலத்தை நாம் அறிவோம். வளிமண்டலத்தில் மின்னேற்றமுள்ள துளிகள் நிறைய இருத்தலால், மண் உண்டாவதில் இவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று அவர்கள் கருதுகின்றனர்.

இதுவும் நம் பொருளுக்குப் புறம்பன்று. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வந்து பாறையை அரிப்பதும், அவ்வாறு அரிக்கும்போது அவ்வாயு காற்றிலிருந்து நீங்கிக் கடலடியிற் கல்லாய்ப் படிவதும் பூமியின் பழைய வழக்கம். பல்லாயிரம் நூற்றாண்டுகளிற் செய்யும் அவ்வேலையை விரைவுபடுத்தும் வழி உண்டோ என்பது இன்று பலருடைய தேட்டம். நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலே நிலாவரைக் கேணி போன்ற பள்ளங்களைக் குடைந்ததும் துளித்துளியாய் இறங்கிய அவ் அமில நீரே.

தூத்துக்குடிக் கோபுரம்

ஆய்கூடத்திற் கண்டது ஒருபுறமிருக்க, ஆலையிற் செய்தது யாது? அதற்கும் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மன்னார்க் குடாவின் மறுகரையிலுள்ள தூத்துக்குடியிலே சோடியம் காபனேற்று ஆக்கும் தொழிற்சாலையொன்றில், நிலக்கரிக் கொதிகலத்தின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் அமைப்பு 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 60,000 தொன் பிடிக்கத்தக்கதாய் அஃது அமைக்கப்பட்டது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலே பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பும் என்னும் இளைஞர் இருவர் 2009இல் தொடங்கிய நிறுவனமே அம்முறையை வகுத்தது.

உயர்ந்த கோபுரமொன்றின் அடியிலிருந்து புகை மேலே ஏறும். உச்சியிலிருந்து அமைன் சேர்ந்த கரைசல் கீழே இறங்கும். இடையிலுள்ள நிரப்புத் தகடுகளில் அக்கரைசல் மெல்லிய படலமாய்ப் பரந்து புகையைத் தழுவும். இங்கே நீர் திவலையாகவன்றிப் படலமாகப் பரத்தப்படுகின்றது. நோக்கம் நீரின் முகத்தைப் பெருக்குதலே. வாயுவைப் பற்றிய கரைசலை வேறொரு கலத்திற் சூடாக்க, அது வாயுவை விட்டுவிட்டு மீண்டும் கோபுரத்துக்கு வரும். பிடிபட்ட வாயு, கறியுப்போடும் அமோனியாவோடும் கூடிச் சோடியம் இருகாபனேற்றாகிப் பின் காபனேற்றாகின்றது.

உப்பென்றவுடன் எம்மூர் நினைவு வருதல் இயல்பு. உப்பின் பொருட்டே கருணாகரத் தொண்டைமான் எம் ஆற்றை வெட்டுவித்தான், அதனாலேயே ஊர் அப்பெயர் பெற்றது என்பது வழிவழி வந்த செய்தி. உப்புக்காக வாய்க்கால் வெட்டிய காலம் போய், உப்பைக் கொண்டு புகையைப் பிடிக்கும் காலம் வந்திருக்கின்றது.

ஆயின் இதனைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு இருத்தலாகாது. உலகம் எரிபொருளால் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஆண்டொன்றுக்கு 3,700 கோடித் தொன் அளவினது. தூத்துக்குடியின் 60,000 தொன் அதில் ஏறத்தாழ ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. அன்றியும் சோடியம் காபனேற்றைக் கண்ணாடி ஆக்குவோர் உருக்கும்போது, பிடித்த வாயு மீண்டும் வெளியேறிவிடும். பிடித்தல் வேறு, பிடித்ததை நெடுங்காலம் அடைத்து வைத்தல் வேறு.

திவலை முறைக்கும் இடர்கள் உள. துளி நுண்ணிதாக ஆக, அதனைப் புகை தன்னோடு அள்ளிக்கொண்டு போய்விடும்; அமைன் புறத்தே சென்று காற்றை மாசுபடுத்தும். நீரை நுண்டிவலையாக்கும் கருவிக்கு வலு வேண்டும். வாயுவை விடுவிக்கக் கரைசலைச் சூடாக்குவதற்கு அதனினும் மிகுதியான வலு வேண்டும். அவ்வலுவை நிலக்கரி எரித்தே பெறுவோமாயின், ஒரு கையாற் பிடித்ததை மறு கையால் விடுவதாய் முடியும்.

நமக்கு இதனால் என்ன?

தொண்டைமானாற்றிலே கடலையும் களப்பையும் பிரித்து நிற்கும் நீரணை, உவர்நீர் உட்புகாமலும் மழைநீர் வீணே கடலிற் சேராமலும் காத்தற்கென்று கட்டப்பட்டது. அதன்மேல் நின்று இருபுறமும் பார்ப்பவர்க்கு நம் வாழ்வு எவ்வளவு மெல்லிய கோட்டில் நிற்கின்றது என்பது புலனாகும். ஆறு பாயாத இக்குடாநாட்டிலே, சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் மழைநீர் தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் சற்றே எடை குறைந்தது என்னும் ஒரு காரணத்தாலேயே நம் கிணறுகள் நன்னீர் தருகின்றன. கணக்கின்படி, கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறைந்தால் அடியிலே நாற்பதடி உவர் ஏறும்.

வினா எழுப்பிய மாணவனின் வீட்டுக் கிணறு உவர்த்துப் போய், குடிநீரை வெளியிலிருந்து எடுக்கின்றார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். கடலைப்பற்றி அவன் கேட்டது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. கிணறுகள் உவர்ப்பதற்கு அளவின்றி இறைப்பது பெருங்காரணம். அதனை மறைத்து எல்லாவற்றையும் வானத்தின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. ஆயினும் காபனீரொட்சைட்டு மிக, வெப்பம் மிகும். வெப்பம் மிக, கடல்நீர் விரிந்து பனிமலைகளும் உருகிக் கடல்மட்டம் உயரும். 1900ஆம் ஆண்டின் பின் உலகின் கடல்மட்டம் சராசரி 20 சதமமீற்றர் அளவில் உயர்ந்துள்ளது. தாழ்ந்த கரையுடைய நமக்கு அது சிறிய அளவன்று.

ஆதலின் நுண்டிவலையை நாம் எவ்வாறு மதிப்பது? கிடுகு உக்கிய கூரையை மேயாமல், ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைப்பவன் அறிவுடையவனல்லன். வாயுவைக் குறைவாய் வெளிவிடுதலே கூரை மேய்தல். பிடித்தல் என்பது சட்டி வைத்தல். ஆனால் மழை தொடங்கிய பின், மேய்ந்து முடியும்வரை சட்டியும் வேண்டும். சீமெந்து, உருக்கு முதலியவற்றை ஆக்கும்போது வரும் புகையை முற்றிலும் தவிர்த்தல் இன்று அரிது. அங்கே இத்தகைய முறைகள் வேண்டப்படும். அவை மலிவாய், சிறிதாய், வலுக் குறைவாய் அமைவதற்கு நுண்டிவலை துணைபுரியக்கூடும். அதற்கு மேல் இப்போது வாக்களிக்க இயலாது.

வகுப்பறையிற் செய்து பார்க்க

சொன்னதை மாணவன் நம்பவேண்டியதில்லை; செய்து பார்க்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு போத்தல் நீரிற் கலக்கி, மூடி, ஓரிரவு வைத்துத் தெளிந்த நீரை வடித்துக்கொள்க. ஒரே அளவான தெளிந்த பிளாஸ்ரிக் போத்தல்கள் இரண்டை எடுத்து, பப்பாசிக் குழலால் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு நிமிடம் மூச்சை ஊதுக. நாம் விடும் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்களவு காபனீரொட்சைட்டு உண்டு. ஒரு போத்தலிலே இரண்டு கரண்டி சுண்ணாம்பு நீரை மெல்ல ஊற்றி அசையாமல் வைக்க. மற்றதில் அதே அளவு நீரை, துணி அழுத்துவோர் நீர் தெளிக்கும் சிறு விசிறுகருவியால் உள்ளே தூவுக. சுண்ணாம்பு நீர் கண்ணுக்குத் தீங்கு செய்யும். ஆதலின் கண்ணாடி அணிந்து, முகத்துக்கு எதிர்ப்புறமாகவே தூவுதல் வேண்டும். ஆசிரியர் அருகில் இருத்தலும் வேண்டும்.

நாங்கள் விஞ்ஞான ஆய்கூடத்தில் இதனைச் செய்தோம். தூவிய போத்தலின் அடியிற் சேர்ந்த நீர் சேரும்போதே பால்போல் இருந்தது. ஊற்றிய போத்தலில் மேல்முகம் மாத்திரம் மங்கியது. பாடவேளை முடிந்து மணி அடித்தபோதும் அடிநீர் தெளிவாகவே நின்றது. அம்மாணவன் இரண்டையும் வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தான். "ஒரே தண்ணி, ஒரே சுண்ணாம்பு" என்று மாத்திரம் சொன்னான். அவ்விரண்டு சொற்றொடரிலும் இக்கட்டுரை முழுவதும் அடங்கிவிட்டது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

எமது கல்லூரியிற் பயின்று, உள்ளூரிலும் உலகின் பல நாடுகளிலும் இரசாயனவியலிலும் எந்திரவியலிலும் உயர்ந்து விளங்கும் பழைய மாணவர் பலர் உளர். யூபிலி விழாவுக்கு அவர்கள் பொருளுதவி செய்வதை நன்றியோடு ஏற்கின்றோம். அதனோடு, தாம் அறிந்தவற்றுள் ஒன்றையேனும் இங்குள்ள மாணவனுக்கு விளங்கும் தமிழில் ஆண்டுக்கொருமுறை எழுதி அனுப்புவார்களாயின் அது பேருதவியாகும். சுண்ணாம்பு ஏட்டைக் கீறிய சிறுவனுக்குத் தமிழாசிரியன் விடை சொல்வதற்கு இரண்டு வாரம் சென்றது. அவர்களுள் ஒருவர் எழுதியிருப்பின் இரண்டு நாளிற் சொல்லியிருக்கலாம். நுண்டிவலை என்னும் என் சொல்லினும் நல்ல சொல்லொன்று அவர்களிடம் இருப்பின், அதனையும் மகிழ்வோடு ஏற்பேன்.

வெள்ளையடித்த மதில் இன்று பளிச்சென்று நிற்கின்றது. சூளையிலே தன் கல்லினின்று பிரிந்த வாயுவுக்கு ஈடாய், காற்றிலிருந்து சிறிது சிறிதாய் மீண்டும் ஏற்றுக்கொண்டு அஃது இறுகி வருகின்றது. விழாவுக்கு வருவோர் அதனைக் கடந்து செல்லும்போது ஒரு கணம் நினைவு கூர்வார்களாக. எமது கல்லூரி நீடு நின்று நிலவுவதாக.